படகில் காக்கா தேடியவன்

அத்தியாயம் 9

“காசு குடுத்து, படகு ஏறி, கண்ணாடிய மாட்டிக்கிட்டு, கடைசியில மீனு மூஞ்சியத்தான் பாக்குறாங்க. நம்ம மீன் மார்க்கெட்டுல நின்னா ஓசியிலயே பாக்கலாமேக்கா” என்றான் உதவியாளன் அஃப்தாப்.

“அங்க மீனு செத்துக் கெடக்கும். வாய மூடிக்கிட்டு வீடியோவப் பாரு” என்றாள் விருத்தாம்பாள்.

ஜங்ஷன் ரோட்டில் ஒரு புரோட்டாக் கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கீழே கொத்துப் புரோட்டா கொத்தினால் மேலே மேஜை அதிரும். வாசலில் ‘விருத்தாம்பாள், எம்.எஸ்ஸி., துப்பறியும் நிலையம்’ என்று பலகை. பெயரைப் படித்துவிட்டு ஏறி வருகிறவர்கள் நரைத்த தலையைத் தேடுவார்கள். சுடிதாரில் ஒரு இருபத்தெட்டு வயதுப் பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “மேடம் இல்லீங்களா?” என்பார்கள். அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பணிவாகப் பேசினால் வேலை நடக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லிப் பார்த்தது. பணிவாகப் பேசியவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துதான் அவள் வளர்ந்தாள்.

எதிரே சிவசங்கரி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா பழமலைநாதன், பெண்ணாடம் ரோட்டில் பீங்கான் யூனிட் வைத்திருப்பவர், கார்த்திகை மாதத்திலிருந்து காணவில்லை. சிவசங்கரி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனவள். அந்தக் கோபத்தில்தான் அவர் காசிக்குப் போய்விட்டார் என்று அண்ணன் பிரவீன்குமார் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அப்பாவின் நம்பரிலிருந்து அவளுக்கும் ஒரு மெசேஜ் வந்தது. ‘என்னைத் தேடாதே.’ அவ்வளவுதான். அதை அவள் தினமும் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

“போலீசுக்குப் போறேன்னு நான் சொன்னதும் அண்ணன்தான் சமாதானம் பண்ணிச்சு மேடம். அண்ணன் டைல்ஸ் டீலரும்கூட. கம்பெனிக்காரங்க டீலருங்கள அந்தமான் டூரு கூட்டிட்டுப் போனாங்க. ‘நீயும் வா பாப்பா, மனசு ஆறும்’னு என்னையும் இட்டுக்கிட்டுப் போச்சு. அங்க ஒருநாள் படகுல கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு தீவு, கடலுக்குள்ள மீன் பாக்குறது, படகுலயே சாப்பாடு. அந்தப் படகுல வெச்சுத்தான் சொல்லிச்சு, ‘இப்பத்தான் அப்பா போன் பண்ணாரு, நல்லா இருக்கேன்னாரு’ன்னு.”

இந்த அத்தியாயம் முழுக்க அவர்கள் துரத்த வேண்டியது அந்த ஒரு போனைத்தான். கடலுக்கு நடுவே அப்படி ஒரு போன் வந்ததா? சிவசங்கரி அன்றைக்கு முழுநாளும் மொபைலில் வீடியோ எடுத்திருந்தாள். நாளைக்குக் காலையில் பிரவீன்குமார் யூனிட்டை நிலத்தோடு விற்கப் போகிறான். அப்பா முன்பே எழுதிக் கொடுத்திருந்த பவர் பத்திரம் அவன் கையில் இருக்கிறது. அதற்குள் அப்பா எங்கே என்று தெரிய வேண்டும்.

திரையில் நீலக் கடல். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்ட பெரிய மனிதர்கள் சின்னப் பிள்ளைகளைப் போலக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏணியில் இறங்க பயந்த சிவசங்கரியின் கையைப் பிடித்து பிரவீன்குமார் தண்ணீரில் இறக்கினான். “காலத் தூக்கு பாப்பா. நான் புடிச்சிருக்கேன்ல?” என்றது அவன் குரல்.

“அண்ணன்னா இப்படி இருக்கணும். எங்கண்ணன் என்னை ஏரியில தள்ளிவுட்டுத்தான் நீச்சல் கத்துக்குடுத்தான்” என்றான் அஃப்தாப்.

சிவசங்கரி சிரித்தாள். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

வீடியோ ஓடியது. மதியச் சாப்பாடு. பெரிய பாத்திரங்களில் பிரியாணி, பொரித்த மீன், இறால். டீலர்கள் தட்டைக் குவித்துக்கொண்டு போனார்கள். பிரவீன்குமார் தட்டில் வெள்ளைச் சோறும் பருப்பும் மட்டும்.

“உங்கண்ணன் சைவமா?”

“அதுவா? ஞாயித்துக்கெழம கறி இல்லன்னா தட்டத் தூக்கி அடிக்கும். அன்னிக்கு வயிறு சரியில்லன்னு சொல்லிச்சு. காலையிலயும் ஒண்ணும் சாப்புடல.”

“வயிறு சரியில்லாதவரு அரை மணி நேரமா கடல்ல கவுந்து கெடந்தாரே?”

அஃப்தாப் வீடியோவை நகர்த்தினான். இரண்டாவது தீவு. எல்லோரும் முழங்கால் தண்ணீரில் நின்று கீழே குனிந்து மீன்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிரவீன்குமார் மட்டும் கையில் தட்டோடு கரையேறி, தென்னை மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். வாயைக் குவித்து என்னவோ கூப்பிட்டான். பிறகு தட்டிலிருந்து ஒரு பிடிச் சோற்றை எடுத்து ஒரு பாறைமேல் வைத்துவிட்டு, மறுபடியும் அண்ணாந்து பார்த்தான்.

“யக்கா, ஊரே மீனு பாக்க வந்துருக்குது, இவுரு காக்கா பாக்க வந்துருக்காரு!” அஃப்தாப் விழுந்து விழுந்து சிரித்தான். “காக்காய்க்கு நம்ம ஊர்ல என்ன பஞ்சமா? பிளேன் ஏறியா போவணும்?”

விருத்தாம்பாள் சிரிக்கவில்லை. “இது என்னிக்கு எடுத்தது சிவசங்கரி?”

“பொங்கல் முடிஞ்சு போனது மேடம். தேதி வீடியோவுலயே இருக்குது பாருங்க.”

அஃப்தாப் எட்டிப் பார்த்தான். “அட, இந்தத் தேதியா? அன்னிக்கு எங்க மாமா கறிக்கடைய தொறக்கவே இல்ல. தை அமாவாச. தொறந்தாலும் ஈதான் ஓட்டணும். ஊர்ல பாதிப் பேரு கறி தொடமாட்டாங்களே.”

“எந்தப் பாதி?”

“எந்தப் பாதின்னா... அப்பா அம்மா செத்துப்...”

அவன் பாதியில் நிறுத்தினான். அவன் வாழ்க்கையில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சிவசங்கரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன சொல்றீங்க? கறி தொடாதது எல்லாம் ஒரு விஷயமா? சில பேரு பக்திக்குக்கூட இருப்பாங்க.”

“இருப்பாங்க” என்றாள் விருத்தாம்பாள். “காக்காய்க்கும் புண்ணியத்துக்கு வைப்பாங்க. அதனால இன்னும் நான் எதுவும் சொல்லல. அவர் தண்ணியில எறங்குற இடம் ஒண்ணு இருந்துச்சே, அதத் திருப்பிப் போடு அஃப்தாப்.”

சாப்பாட்டுக்கு முந்தைய துண்டு அது. முதல் தீவு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பிரவீன்குமார் எல்லோரையும் விட்டு விலகி, இடுப்பளவு தண்ணீரில் நின்றான். மூன்று முறை முங்கி எழுந்தான். இடுப்பிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தான். உள்ளங்கையில் எதையோ கொட்டி, தண்ணீரோடு சேர்த்து, கட்டைவிரல் பக்கமாகச் சாய்த்து விட்டான். குட்டி குட்டி மீன்கள் மொய்த்தன. வீடியோவில் சிவசங்கரியின் குரல் குதூகலமாகக் கேட்டது. “அண்ணே, மீனுக்கு என்ன போடுற? எனக்கும் குடு!”

“உனக்கு வேணாம் பாப்பா. நீ அங்கயே நில்லு” என்றான் பிரவீன்குமார். சட்டென்று. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

விருத்தாம்பாள் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள். உள்ளங்கை ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது கறுப்பாக, பொடிப் பொடியாக.

எள்ளை அடையாளம் காட்ட இந்த ஊரில் துப்பறியும் ஆள் தேவையில்லை.

“எங்க அம்மா உசுரோட இருக்காங்க” என்றாள் சிவசங்கரி மெதுவாக. “நேத்துகூட பேசுனேன். அம்மா இருக்காங்க. அப்படின்னா...”

அவள் திரையைத் தொட்டாள். அண்ணன் கையில் பிரிந்து கிடந்த அந்தத் துணியை விரலால் தடவினாள். வெள்ளைத் துணி. ஓரத்தில் மெல்லிய பச்சைக் கரை.

“இது எங்கப்பா வேட்டி.”

*

ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினார்கள். சிவசங்கரி அழவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். “நான் சிரிச்சேன் மேடம். மீனுக்குப் போடுதுன்னு நெனச்சு கை தட்டி சிரிச்சேன். எங்கப்பாவுக்கு எள்ளுத்தண்ணி எறைக்கிறப்ப நான் நின்னு வீடியோ எடுத்துருக்கேன்.”

அஃப்தாப் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு ஜோக்கும் அவனிடம் இல்லை.

“ஒண்ணு கேக்குறேன்” என்றாள் விருத்தாம்பாள். “இந்த வருஷம் உங்க அம்மா வூட்ல பொங்க வெச்சாங்களா?”

“இல்ல. முட்டி வலின்னு சொன்னாங்க. ஏன்?”

“சும்மாதான்.”

சும்மா இல்லை. ஆனால் ஒரே நாளில் ஒருத்திக்கு எவ்வளவு கொடுப்பது? விருத்தாம்பாள் வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

பிரவீன்குமார் வீட்டில்தான் இருந்தான். நாளைய விற்பனைக்காக முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, ஒரு நாள் முன்னதாகவே தயாராக இருந்தான். ஹாலில் அவர்கள் யூனிட்டில் சுட்ட பீங்கான் பொம்மைகள் அலமாரி நிறைய நின்றன. அம்மா தனக்கோடி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நெற்றியில் பெரிய குங்குமம். கழுத்தில் மஞ்சள் கயிறு.

“வா பாப்பா. இவங்க யாரு?” என்றான் பிரவீன்குமார்.

“நான் விருத்தாம்பாள். உங்க அப்பாவத் தேடுறேன்.”

“அவருதான் காசியில இருக்காரே. படகுல இருந்தப்பகூட போன் பண்ணாரு.”

“எந்தக் கையால எடுத்தீங்க? எள்ளு இருந்த கையாலயா?”

பிரவீன்குமார் சிரித்தான். “ஓ, அதுவா? தை அமாவாசையாச்சேங்க. அப்பா ஊர்ல இல்ல. தாத்தாவுக்கு யாராவது செய்யணும்ல? அதான் நான் எறைச்சேன். இதுல என்ன தப்பு?”

நல்ல பதில். யோசித்து வைத்த பதில். அஃப்தாப்கூட ஒரு கணம் தடுமாறி விருத்தாம்பாளைப் பார்த்தான்.

“தாத்தாவுக்கு எறைக்கிறது தாத்தாவோட மகன் வேலை” என்றாள் அவள். “அப்பன் உசுரோட இருக்கும்போது மகன் எள்ளத் தொட்டா அப்பனுக்கே ஆகாதுன்னு இந்த ஊர்ல பச்சப்புள்ளைக்குத் தெரியும். அப்பாவுக்கு ஆகாதேன்னு நீங்க பயப்படல. ஏன்னா இனிமே அவருக்கு ஆகுறதுக்கு ஒண்ணும் இல்ல.”

“சும்மா எதையாவது பேசாதீங்க. ஆதாரம் இருக்குதா?”

“நீங்களேதான் ஆதாரம். பிணத்த மறைச்சீங்க. மெசேஜ் அனுப்புனீங்க. உசுரோட இருக்காருன்னு எவனோ ஒரு டாக்டருகிட்ட சர்டிபிகேட்டும் வாங்கியிருப்பீங்க, இல்லன்னா நாளைக்கு அந்தப் பவர் செல்லாது. பவர் குடுத்தவரு செத்த நிமிஷமே பவரும் செத்துப்போச்சு. எல்லாத்தையும் பக்காவா பண்ணீங்க. ஆனா தை அமாவாச வந்ததும் பயம் வந்துடுச்சு. அப்பனுக்குத் தண்ணி காட்டலன்னா தூங்க முடியாது. மனுஷங்கள ஏமாத்தலாம், செத்தவர ஏமாத்தக் கூடாது, இல்ல? ரொம்ப நல்ல புள்ள சார் நீங்க.”

“யக்கா, தீவுல காக்கா வந்துச்சான்னு கேளுங்க” என்றான் அஃப்தாப். அவன் குரலில் கேலியே இல்லை.

பிரவீன்குமார் நாற்காலியில் உட்கார்ந்தான். சலவைச் சட்டை மடிந்தது. “நான் கொல்லல” என்றான் தரையைப் பார்த்து. “நெஞ்சு வலி. கார்லயே போயிட்டாரு. யூனிட்ட வித்தாத்தான் நான் தலை தூக்க முடியும். அவரு செத்துட்டாருன்னு தெரிஞ்சா பாப்பாகிட்டயும் கையெழுத்து வாங்கணும், அவ புருஷன் வருவான், ஆயிரம் கேள்வி கேப்பான். கொஞ்ச நாளைக்குத்தானேன்னு நெனச்சேன். கடலூர் பக்கம் ஒரு சுடுகாட்டுல... மரியாதையாத்தான் எரிச்சேன்.”

“யார வெச்சு எரிச்ச?” வீட்டுக்குள் வந்த பிறகு சிவசங்கரி முதன்முதலாக வாயைத் திறந்தாள். “எங்கப்பாவுக்கு யாரு மாரடிச்சு அழுதா? யாரு கோடித்துணி போட்டா? நீ மட்டுந்தானா?”

அவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

“என் மேல உள்ள கோவத்துலதான் போனாருன்னு சொன்னியே. ஒவ்வொரு ராத்திரியும் அந்த மெசேஜப் படிச்சுட்டு செத்துக்கிட்டிருந்தேனே. அது நீ அனுப்புனதா?”

“பாப்பா...”

“என்னைய பாப்பான்னு கூப்புடாத.”

அவள் திரும்பி அம்மாவிடம் போனாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். “யம்மா, கேட்டியாம்மா? அப்பா...” என்று தனக்கோடியின் தோளில் விழப் போனவள், ஒரு அடி தூரத்தில் நின்றுவிட்டாள்.

தனக்கோடி அழவில்லை. அதிரவில்லை. “என்னது?” என்றுகூடக் கேட்கவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். புதிதாக ஒரு சாவைக் கேள்விப்பட்டவள் முகம் இல்லை அது.

சிவசங்கரி விருத்தாம்பாளைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்டோவில் கேட்ட கேள்வி இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“முட்டி வலி இல்லியாம்மா?”

தனக்கோடி இல்லையென்று தலையாட்டினாள்.

“சாவு விழுந்த வூட்ல எப்படிடி பொங்க வைக்கிறது?”

சிவசங்கரி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

“அந்த எள்ளு முடிச்சும் நீதான் கட்டிக் குடுத்தியா? அப்பா வேட்டியக் கிழிச்சு?”

“அவனுக்கு சக்கரை எங்க இருக்குதுன்னே தெரியாது. எள்ளு எங்கன்னு எப்படித் தெரியும்?” தனக்கோடியின் குரல் வறண்டிருந்தது. “தாலியக் கழட்டினா ஊருக்குத் தெரிஞ்சிரும்னான். இவன் ஆம்பளப் புள்ள, நாளைக்கு எனக்குச் சோறு போடுறவன். நீ போனவ. நான் என்ன பண்ணுவேன்? பொட்டு வெக்கிறப்பல்லாம் கை நடுங்குதுடி.”

“நடுங்குனாலும் வெச்சியே” என்றாள் சிவசங்கரி.

அது அம்மாவை எங்கேயோ குத்தியது. தனக்கோடி கரண்டியைத் தரையில் போட்டாள். மகன் பக்கம் திரும்பினாள். “அன்னிக்கு எங்க கெளம்புனாருன்னு சொல்லுடா. அதையும் நீயே சொல்லு.”

“யம்மா, சும்மா இரு.”

“சொல்லமாட்டான்.” அவள் மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். “காசிக்கும் இல்ல, கோவமும் இல்ல. காலையில எழுந்து குளிச்சு, ‘எம் பொண்ணப் பாத்து எத்தினி நாளாச்சு, வண்டிய எடுடா, கருவேப்பிலங்குறிச்சி போலாம்’னாரு. உனக்குன்னு புது பொம்ம ஒண்ண அட்டப்பெட்டியில வெச்சுக் கட்டுனாரு. உன் வூட்டுக்கு வர்ற வழியிலதான்டி உசுரு போச்சு.”

விருத்தாம்பாளுக்கு இந்த வீட்டில் உள்ள அத்தனை பொம்மைகளையும் எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. துப்பறிகிறவளின் வேலை உண்மையைக் கண்டுபிடிப்பதோடு முடிகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவன் யாருக்கும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை போலிருக்கிறது.

பிரவீன்குமார் எழுந்து வந்தான். தங்கையின் கையைப் பிடித்தான். “நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்க. உனக்கு என்ன வேணுமோ நான் செய்யறேன். நம்ம வூட்டு விஷயம் இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும்.” விருத்தாம்பாளைப் பார்த்தான். “நீங்களும்தான். போலீசு அது இதுன்னு போனா மாசக்கணக்கா ஆவும். காலையில ரிஜிஸ்டர் முடிஞ்சிரும்.”

அதில் அவன் சொன்னது சரி. ஒரு வீடியோவையும் ஒரு பிடி எள்ளையும் வைத்துக்கொண்டு விடிவதற்குள் எந்த ஆபீசையும் அசைக்க முடியாது. விருத்தாம்பாளுக்கே அது தெரியும். அவள் பற்களைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

சிவசங்கரி யோசிக்கவில்லை. கையை உதறினாள். வாசலைத் தாண்டி நடந்தாள். தெருவின் நடுவில் போய் நின்றாள். செருப்பில்லாத கால். யூனிட்டில் ஷிப்ட் முடிந்து பெண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். கையெல்லாம் காய்ந்த களிமண். மளிகைக் கடையில் நாலு பேர். எதிர் வீட்டில் கமருன்னிசா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒப்பாரி தெரியாது. படித்த பெண், யாரும் சொல்லித் தந்ததில்லை. தெரிந்ததை அப்படியே கத்தினாள்.

“எங்கப்பா பழமலைநாதன் செத்துப் போயிட்டாரு!”

தெரு நின்றது.

“எங்கப்பா செத்துப் போயிட்டாருங்க! என்னையப் பாக்க வந்த வழியில செத்துப் போயிட்டாரு!” அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

“பாப்பா! உள்ள வா!” பிரவீன்குமார் ஓடிவந்தான். அஃப்தாப் வாசல்படியில் குறுக்கே நின்றுகொண்டான்.

“அழவுடுங்க பாய்... ச்சே, அண்ணே. பெத்தவருக்கு அழுவுறத தடுக்கக் கூடாது. எங்கள்ல உங்கள்ல எல்லாம் அது ஒண்ணுதான்.”

முதலில் ஓடிவந்தவள் யூனிட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண். சிவசங்கரியைக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். அடுத்து இன்னொருத்தி. கமருன்னிசா மடித்த துணியைப் போட்டுவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். சிவசங்கரிக்குத் தெரியாத பாட்டு அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்தில் தெரு முழுக்க அழுதது. மளிகைக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். யாரோ யாருக்கோ போன் செய்தார்கள். பழமலைநாதன் போயிட்டாராம். ஆமாம், பீங்கான் யூனிட்டுக்காரர்தான்.

பிரவீன்குமாரின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். நாளைக்கு நிலம் வாங்க வேண்டியவர். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. செத்தவரின் பவரில் நிலம் வாங்க இந்த ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது.

தனக்கோடி மெல்ல வாசலுக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் பெண்களின் குரல் உயர்ந்தது. இரண்டு பேர் எழுந்து கையை விரித்துக்கொண்டு அவளிடம் ஓடினார்கள். அதில் வயதானவள், எல்லாச் சாவு வீட்டிலும் முதலில் கேட்கும் கேள்வியை, அழுதுகொண்டே கேட்டாள்.

“எப்பம்மா ஆச்சு?”

தனக்கோடியின் உதடு அசைந்தது. மகனைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். மண்ணில் கிடந்த மகளைப் பார்த்தாள்.

“கார்த்திகையில” என்றாள்.

அழுகை அப்படியே நின்றது. விரித்த கைகள் பாதி வழியில் நின்றன. மாசி மாத வெயிலில், அவள் நெற்றியில் காலையில் வைத்த குங்குமத்தை அத்தனை பெண்களும் பார்த்தார்கள்.